எங்கள் மாடியில் பெய்த மழை

ஆத்தூர் பஸ் பேகம்பூரைத் தாண்டும்போது முன் சீட்டு அம்மாள் சொன்னது காதில் விழுந்தது. சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“எங்க மாடியில பேஞ்ச மழைய எங்கொழுந்தன் பொண்டாட்டி குடிக்கிறா.”

பக்கத்தில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். “என்னக்கா சொல்றீக?”

“மழைநீர்க் குழி வெட்டாட்டி குழாயக் கட் பண்ணிருவோம்னு சட்டம் போட்டாகள்ல? பயந்துக்கிட்டு மதிலோரமா வெட்டுனோம். பாகம் பிரிச்சப்பவே கெணறு அவுக பக்கம் போயிருச்சு. வறண்டு கெடந்த கெணத்துல இப்பத் தண்ணி ஊறிக் கெடக்கு.”

“பேசாம குழிய மூடிர வேண்டியதுதான?”

“மூடத்தேன் நேத்து மம்பட்டியோட போனேன். அந்தப் பக்கம் கெணத்து ராட்டினம் சத்தங் கேட்டுச்சு. அதக் கேட்டு எம்புட்டு வருசமாச்சு! செத்த நேரம் அப்படியே நின்னுட்டேன்.”

“அப்புறம்?”

“மதிலுக்கு மேல ஒரு கொடம் வந்துச்சு. பாகம் பிரிச்சதுலருந்து எம்மூஞ்சியப் பாக்காதவ, ‘பிடிங்கக்கா, ஒங்க வீட்டு மழைதேன்’ங்கிறா.”

“வாங்குனீகளா?”

“கையில மம்பட்டில்ல இருந்துச்சு? அதக் கீழ போட்டாத்தான வாங்க முடியும்? போட்டுட்டேன்.”