ஒரு ஆள் போதும்

ஆயுதபூஜைக்குச் சாமந்தி வாங்க முந்தின நாளே தேரடிக்குப் போய்விட வேண்டும் ஐயா. அன்றைக்குப் போனால் வாடியதுதான் கிடைக்கும். நான் முன்கூட்டியே போனேன். மாலையைத் தடிமனாகக் கட்டச் சொன்னேன்.

காக்களூரில் எங்கள் பட்டறையில் இருக்கும் மில்லிங் மெஷின் சிறியது, பழையது. இரும்பை வெட்டும் டூலை மாற்ற மேலே உள்ள நட்டைத் திருகினால், டூலைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலும் கூடவே சுற்றும். அதைப் பிடித்து நிறுத்த ஏற்பாடு எதுவும் கிடையாது. என்னோடு வேலை செய்யும் எபினேசர் ஸ்பிண்டிலின் மேல் சக்கரமான புல்லியை இறுக்கிப் பிடிப்பான், நான் ஸ்பேனர் போடுவேன்.

அவனுக்குத் தோள்வலி வந்தபோது நானே ஒரு வழி செய்தேன். புல்லியில் ஒரு துளை, அதற்கு நேராக மெஷினின் தலையில் ஒரு துளை, இரண்டிலும் சேர்த்து ஓர் இரும்புக் கம்பி. ஸ்பிண்டில் அசையவில்லை.

முதலாளி சுப்பராயன் பார்த்துச் சிரித்தார். "இன்னா துளசி, சூப்பரா பண்ணிக்கீறே. இனிமே இந்த மெஷினுக்கு ஒரு ஆளு போதும்."

எபினேசரும் சிரித்தான். எனக்குக் கண் மங்கி வருகிறது; அவன் இளையவன், வேகமானவன். அந்த ஒரு ஆள் யார் என்று எவரும் சொல்லத் தேவையில்லை. அதன்பின் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டாலே துணியை எடுத்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன்.

எபினேசர் அந்தக் கம்பிக்கு ஒரு ஸ்பிரிங் பொருத்தினான். "அண்ணே, மறந்துட்டு சுச்சு போட்டா மூஞ்சி பூடும். இப்ப கைய எடுத்தா தானா வெளிய வந்துடும்."

நல்ல யோசனைதான். பூஜையன்று நான் அந்த ஸ்பிரிங்கைக் கழற்றினேன். இரும்புக் கம்பி வளைந்துவிடும் என்பதால், கெட்டி எஃகிலான பழைய டூல் பிட்டை அதே அளவுக்கு அரைத்துச் செருகினேன். அது வளையாது, உடைந்து தெறிக்கும். முன்னால் மாலையைத் தொங்கவிட்டேன். அவனைப் பயமுறுத்தினால் வேறு வேலை தேடிக்கொள்வான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பூஜை முடிந்ததும் கைராசிக்காரர் ஒருவர் மெஷினைப் போட்டுவிட வேண்டும். எங்கள் பட்டறையில் வருடாவருடம் அது எபினேசர்தான்.

"வேதக்காரன் கை பட்டா உங்க சாமி கோச்சுக்கப் போவுது மொதலாளி."

"உன் கை பட்டாத்தான்டா ஆர்டரே வருது. போடு."

நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். மாலை சரிந்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாண்ணே, அங்க போயி பதுங்கிக்கினே? பயமா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்லவில்லை.

அவன் சுவிட்சைப் போட்டான்; தெறித்த துண்டு கண்ணுக்குக் கீழே பட்டது. ஆட்டோவில் நான்தான் அவனை மடியில் கிடத்திக்கொண்டு போனேன். உயிர் போகும்வரை என் சட்டையை அவன் விடவேயில்லை. ஸ்பிரிங் விஷயம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்; கம்பியை எடுக்க அவனே மறந்துவிட்டான் என்று நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.

முதலாளி அந்தத் துளைகளை அடைத்துவிட்டார். டூல் மாற்ற மறுபடியும் இரண்டு பேர் வேண்டும். அவன் மனைவி கிறிஸ்டினாவுக்கே அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார். அவள் புல்லியைப் பிடிக்கிறாள், நான் ஸ்பேனர் போடுகிறேன். அவளை எட்டி நிற்கச் சொல்லிவிட்டு, புல்லியைத் தடவிப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுகிறேன்.

நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் ஐயா. என் கவனக்குறைவால் அந்தப் பட்டறையில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை.