வடை பாயசம்

செங்கல்பட்டில் கிளம்பிய மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு இளம்பெண்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் ஒருத்தி சொன்னாள்:

“நேத்து என் ஆத்மா சாந்தியடையணும்னு பிரேயர் பண்ணிட்டாங்கடி.”

“அடிப்பாவி! யாரு?”

“மாமல்லபுரத்துல தெருவுல இருந்த பசங்களுக்கு ஒரு ஹோம் இருக்குல்ல, ஞாயித்துக்கிழமை நான் பாடம் எடுக்கப் போறேனே, அங்கதான். என் பர்த்டேக்கு வடை பாயசத்தோட சாப்பாடு குடுத்தேன். ‘இன்னிக்கு கவிதா பேர்ல சாப்பாடு’ன்னு வார்டன் சொன்னாங்க. உடனே எல்லாம் எழுந்து கண்ண மூடிக்கிச்சுங்க.”

“ஏன்டி?”

“பசங்களுக்கு நான் வெறும் மிஸ். கவிதா யாருன்னே தெரியாது. அங்க பர்த்டேன்னா கேக்கு, வடை பாயசம்னா செத்தவங்க திதியாம்.”

தோழி வாய்விட்டுச் சிரித்தாள். சொன்னவள் சிரிக்கவில்லை.

“நான்தான்டா கவிதா, உயிரோடதான் இருக்கேன்னேன். எல்லாம் சிரிச்சுதுங்க. ஒரு சின்னப் பொண்ணு மட்டும் இலையில கைய வைக்காம என்னையே பாத்துச்சு.”

“என்னவாம்?”

“‘நீதான் சாவலியே மிஸ். இத்த எங்கம்மா பேர்ல வச்சிக்கட்டா?’ன்னு கேக்குதுடி.”