இரண்டாம் வாரத்துக்கு ஒருவர்

விலை கூடின சோடியை வாங்க வந்தவர் தலையில் எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர் அம்மா. ரியோ பியெத்ராசில் ஒரு செருப்புக் கடையில் முப்பத்தெட்டு வருஷம் குந்தி உட்கார்ந்து ஊரார் பாதத்தை அளந்தவன் நான். முதலில் மலிவான சோடியை மாட்டிவிட்டு நாலடி நடக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஒன்றும் பேசாமல் உயர்ந்த சோடியை மாட்ட வேண்டும். மீதிப் பேரத்தைப் பாதமே பேசிக்கொள்ளும். ஆகவே பயண ஏஜென்சியில் யாரித்சா என்ற அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பி, உல்லாசக் கப்பலில் முதலில் ஜன்னல் இல்லாத உள்ளறையைக் காட்டி, அப்புறம் ஒன்றும் சொல்லாமல் சொகுசு அறையைக் காட்டியபோது எனக்கு மனசுக்குள் சிரிப்புத்தான் வந்தது. நம்ம தொழில்தான் பெண்ணே என்று நினைத்துக்கொண்டேன். மூச்சுக்கு மூச்சு மரியாதையாகத் 'தோன்' போட்டுத்தான் பேசினாள்.

"உள்ளறைன்னா படுத்து எழுந்துக்கத்தான், தோன் எலாதியோ. சொகுசு அறைன்னா பால்கனி உண்டு. குளிக்கத் தொட்டி உண்டு. உங்களுக்குன்னே ஒரு பட்லர் வேற."

"பட்லரை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? அவரு எனக்குக் குனிவாரு, பழக்கதோஷத்துல நானும் குனிவேன். ரெண்டு பேரும் மண்டையில முட்டிக்குவோம்."

"ஒரு நாளைக்கு நாலு தடவை வருவாரு. மணி அடிச்சா அஞ்சாவது தடவையும் வருவாரு."

என் சிரிப்பு அங்கேதான் நின்றது. உள்ளறைக்கு எத்தனை தடவை ஆள் வரும் என்று கேட்டேன். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, படுக்கையைத் தட்டிப்போட என்றாள். இரண்டு அறைக்கும் நடுவே இருந்த விலை வித்தியாசம் ஏறக்குறைய என் காரின் விலை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று நாள் யோசித்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்வது நல்லது. ஆத்திரத்தில் செய்த காரியம் என்று என் வக்கீல் சொல்லப் பார்ப்பார். ஆத்திரம் எனக்கு வராது. வாடிக்கையாளர் கிழிந்த காலுறையோடு காலை நீட்டினாலும் புன்னகை செய்து பழகியவன்.

மகள் மிக்தாலியா ஓர்லாந்தோவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது வழக்கம்போல ஆசீர்வாதம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஹலோவே சொன்னாள். சொகுசு அறை எடுக்கலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"அம்மாவுக்குச் சொகுசு அறையும் ஒண்ணுதான், சாமான் ரூமும் ஒண்ணுதான்ப்பா. உங்களுக்கு ஆசையா இருந்தா எடுங்க."

"நீ ஒரு வாரம் வந்து அம்மாவைப் பாத்துக்கறியா?"

"லீவு கிடைக்காதேப்பா. டிசம்பர்ல ஓட்டல்ல எங்களை மூச்சு விடவே விடமாட்டாங்க."

பொய் சொல்லவில்லை. ஜூனிலும் விடமாட்டார்கள். அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கும் மூன்று பிள்ளைகள்.

புரோவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி புரோவிதென்சியா. ஒன்பது வருஷமாக மறதி நோய். ஆரம்பத்தில் சாவியை மறந்தாள், பிறகு அடுப்பை, பிறகு பல்செட்டை. பல்செட் ஒருநாள் அரிசிப் பானைக்குள் கிடைத்தது. சோற்றோடு சேர்ந்து வெந்திருந்தால் எனக்கு முன்னால் அதுவே சோற்றை மென்றிருக்கும். இந்த வருஷத் தொடக்கத்தில், குழந்தை இயேசுவைப் பார்க்க ஒட்டகத்தில் வந்த மூன்று ராஜாக்களின் திருநாளுக்கு முந்தின நாள், "எலாதியோ, ஒட்டகத்துக்குப் புல்லு வச்சியா?" என்று கேட்டாள். அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் கடைசி. மறுநாள் முதல் நான் அவளுக்கு வீட்டுக்குள் புகுந்த ஒரு கிழவன்.

ஒரு நாள் ஜன்னலைத் திறந்து தெருவுக்கே கேட்கும்படி கூப்பாடு போட்டாள். உங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். கல்யாணப் படத்தை எடுத்துக் காட்டினேன். படத்தில் இருப்பவனுக்குத் தலை நிறைய முடி, கம்பளிப்பூச்சி மாதிரி மீசை. அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்தம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்கு, தாத்தா" என்றார்.

குளிப்பாட்டினால் அடிப்பாள். படுத்தால் எழுப்புவாள். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று எனக்கு நினைவில்லை. இதைக் கழிவிரக்கத்துக்காகச் சொல்லவில்லை. கணக்காகத்தான் சொல்கிறேன். அவள் கண்ணுக்கு நான் ஏற்கெனவே இல்லை. இல்லாத ஒருவன் எப்படி விட்டுவிட்டுப் போக முடியும்? மூன்று நாள் யோசனையில் நான் கண்டுபிடித்தது இதுதான். இப்போதும் இதில் எனக்குக் குறை தெரியவில்லை.

காரை விற்றேன். வண்டி ஓட்டக் கண் தெளிவாக இருந்தவளுக்கு வழி மறந்துபோயிற்று. வழி தெரிந்தவனுக்கு ராத்திரியில் கண் தெரியாமல் போயிற்று. அது வாசலில் நின்று என்ன செய்யப்போகிறது? பணத்தோடு யாரித்சாவிடம் போனேன்.

"சொகுசு அறைதான். அடுத்தடுத்து ரெண்டு வாரம்."

"அடேயப்பா, தேனிலவா? ரெண்டு வாரமும் ரெண்டு பேர்தானே?"

"முதல் வாரத்துக்கு ரெண்டு பேர். இரண்டாம் வாரத்துக்கு ஒருவர்."

"அப்போ அம்மா நடுவுல இறங்கிடுவாங்களா?"

"இல்லம்மா. நான் இறங்கிடுவேன்."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. என் மகள் ஓர்லாந்தோவிலிருந்து வந்து ஏறிக்கொள்வாள், அவள் டிக்கெட்டை அவளே பார்த்துக்கொள்வாள் என்றேன். யாரித்சாவின் முகம் தெளிந்தது. உடல்நிலைப் படிவத்தில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பயணி தனியாகச் சமாளித்துக்கொள்வாரா என்று ஒரு கேள்வி. சமாளிப்பாள் என்றேன். பக்கத்தில் ஒருவர் இருந்தால் புரோவி எல்லாவற்றையும் தனியாகச் சமாளிப்பாள்.

மலிவான அறையில் விட்டிருக்கலாம். ஆயிரம் பேர் அப்படித்தான் செய்திருப்பார்கள். நான் பெண்டாட்டியை விட்டுவிட்டு வருவதென்றால் நாளைக்கு நாலு தடவை ஆள் வருகிற இடத்தில்தான் விடுவேன். அந்தக் கூடுதல் பணத்துக்கு அர்த்தம் அதுதான்.

கப்பலில் எங்கள் பட்லர் ரோமுலோ. ஹோண்டுராஸ்காரன், ஐம்பது வயசு, மெலிந்த உடம்பு, கறுப்பு மீசை. முதல் நாள் காலை, பால் காப்பியும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தான். புரோவி நிமிர்ந்து பார்த்தாள்.

"எலாதியோ, எவ்வளவு நேரம்டா? காப்பி ஆறியிருந்துச்சுன்னா இருக்கு உனக்கு" என்றாள்.

அவன் திகைத்து என்னைப் பார்த்தான். இருக்கட்டும் என்று கண்ணைக் காட்டினேன். அவனும் நல்லவன். "சூடாத்தான் இருக்கு, தோன்யா புரோவி" என்று மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினான். எப்படித் தெரிந்ததோ, மூன்றேதான் போட்டான். பச்சைத் துவரை போட்ட சோற்றை ஊட்டினால் வாங்கிக்கொண்டாள். தலை வாரவிட்டாள். நான் சீப்பை எடுத்தால் கையைத் தட்டிவிடுவாள்.

"ஊர்ல எனக்கு ஒரு பொண்டாட்டி இருக்கா, தோன் எலாதியோ. இங்க ரெண்டாம் கல்யாணமே ஆயிடுச்சு. உங்களுக்குக் கோபமில்லையே?" என்றான் ரோமுலோ.

"கோபமா? மீன்ல முள்ளு இருந்தா இனிமே உன்னைத்தான் திட்டுவா. எனக்கென்ன வந்துச்சு?"

சிரித்தோம். ஆனால் அன்று அவள் அவன் சட்டைக் காலரை நீவிவிட்டாள். முப்பத்தெட்டு வருஷம் கடைக்குக் கிளம்பும்போது என் காலரை நீவிய அதே விரல். நான் பால்கனியில் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விலைக்குத் தகுந்த கடல்தான்.

வியாழக்கிழமை அவள் ரோமுலோவை அருகே கூப்பிட்டு என்னைச் சுட்டிக் காட்டினாள்.

"யாருடா இந்த ஆளு? எந்நேரமும் இங்கயே உக்காந்திருக்கான். வீடு வாசல் கிடையாதா?"

"அவரு நம்ம விருந்தாளிம்மா."

"விருந்தாளின்னா கிளம்பற நேரம்னு ஒண்ணு இருக்கணுமில்ல?"

நீங்களே சொல்லுங்கள். என் மனைவி எதையாவது கேட்டு நான் மறுத்ததில்லை.

ஞாயிறு காலை கப்பல் சான் ஹுவானுக்குத் திரும்பியது. மத்தியானம் வரை இருந்தேன். அவளுடைய துணிகளை அலமாரியில் அடுக்கினேன். அவளுக்குப் பிடித்த குதி உயர்ந்த கறுப்புச் செருப்பையும் வைத்தேன். ஏன் வைத்தீர்கள் என்று கேட்டீர்கள். அழகான பாதம் அவளுக்கு, ஐந்தரை அளவு. ரப்பர் செருப்போடு அனுப்ப மனசு வரவில்லை. ரோமுலோவுக்குக் கை நிறைய இனாம் கொடுத்தேன். மகள் ஐந்து மணிக்குள் ஏறிவிடுவாள் என்று அவனிடமும் சொன்னேன். அதை நம்பித்தான் அவன் நாலரை மணிக்குக் காப்பி கொடுத்துவிட்டு மற்ற அறைகளைக் கவனிக்கப் போனான். அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவன் வேலைக்கு ஆபத்து வராமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம் முடிந்ததும் என்ன செய்வதாக உத்தேசம் என்று நேற்றுக் கேட்டீர்கள். உண்மையில் அதை நான் யோசிக்கவில்லை. தூங்காதவனுக்கு ஒரு வாரம் என்பது மிகப் பெரிய தேசம். அதன் அக்கரை கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து பதினாறு மணி நேரம் தூங்கினேன். நீங்கள் கதவைத் தட்டித்தான் எழுந்தேன்.

அவள் விழுந்தது ஆறாம் தளத்துக்கும் ஐந்தாம் தளத்துக்கும் நடுவே இருந்த படிக்கட்டில். லிஃப்டின் கதவு ஆளை விழுங்கிவிடும் என்று அவளுக்குப் பயம், அதனால் படிதான். ஒன்பதாம் தளத்திலிருந்து அதுவரை அந்தக் கறுப்புச் செருப்போடு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகவே இறங்கியிருக்கிறாள். திங்கட்கிழமை விடிகாலை கப்பல் மருத்துவ அறையில் உயிர் போயிற்று. ரோமுலோ பக்கத்தில் இருந்தானாம். அவன் கையைப் பிடிக்க வந்தபோது, "நீ இல்ல" என்றாளாம்.

மிக்தாலியாவுக்கு உடனே லீவு கிடைத்தது. முந்தாநாள் வந்து இந்த நாற்காலிக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆசீர்வாதம் கேட்கவில்லை. நானாகவே கொடுத்தேன். எழுந்து போய்விட்டாள்.

புரோவி எதற்காகப் படியிறங்கினாள் என்று எனக்குத் தெரியாது என முதல் நாள் சொன்னேன். நீங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டீர்கள். இன்றைக்குத் துறைமுகக் கேமராவில் பதிவானதைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினீர்கள்.

"அஞ்சு மணி ஒன்பது நிமிஷம், தோன் எலாதியோ. நடைபாதையில நிக்கறது நீங்கதானே?"

நான்தான். ஞாயிற்றுக்கிழமை கப்பல் கிளம்புவதைப் பார்த்துக் கையாட்டப் பாதி ஊர் அங்கேதான் நிற்கும். நீங்களும் நின்றிருப்பீர்கள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸும் அங்கிருந்துதான்.

"ரெண்டு கையையும் வாய்ல குவிச்சு மேல பாத்து என்னமோ சொல்றீங்க. இதுல சத்தம் இல்ல. என்ன சொன்னீங்க?"

காற்று அடிக்கிறது, உள்ளே போ என்று சொன்னதாகச் சற்றுமுன் எழுதச் சொன்னேன். அதை அடிக்க வேண்டாம். கீழே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏறும் பாலத்தை ஐந்து மணிக்கே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அப்புறம்தான் அவள் பால்கனிக்கு வந்தாள். கீழே நூறு பேர் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஆட்டவில்லை. அவள் கண் கூட்டத்தின் மேல் அலைந்து வந்து நேரே என்மேல் நின்றது.

"எலாதியோ. என்னை விட்டுட்டு எங்க போற? இரு, நானும் வரேன்" என்றாள்.

பதினோரு மாதம் கழித்து. ரோமுலோ பக்கத்தில் இல்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. என்னைத்தான் கூப்பிட்டாள். மீசை இல்லாத, முடி இல்லாத என்னை, ஒன்பது தளத்து உயரத்திலிருந்து.

அவளுக்கு முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அப்போதும் வாய் வரவில்லை. கையைக் குவித்துச் சொன்னேன்.

"செருப்பை மாட்டிக்கிட்டு மெதுவா இறங்கி வா, புரோவி. நான் இங்கயேதான் நிக்கறேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

நான் அவளிடம் பொய் சொன்னதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். நின்றேன். பஸ் வரும்வரை நின்றேன்.