ஏழு பேரில் வளர்ந்தது கேப்டன் மட்டும்

உங்கள் அறையில் மின்விசிறி சத்தமே போடுவதில்லை. எங்கள் எழுத்தறையில் ஒன்று இருக்கிறது, நாம் ஒன்று சொன்னால் அது நாலு சொல்லும்.

சரி, தயாரிப்பாளராக நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மூன்று வருடமாக ஓடும் அனிமேஷன் தொடர், விண்கப்பலில் ஏழு பேர். அதில் கேப்டன் மட்டும் வளர்கிறான், மற்ற ஆறு பேரும் முதல் நாள் ஏறிய மாதிரியே நிற்கிறார்களே, ஏன் என்று கேட்டீர்கள். ஐந்து பேரை விடுங்கள், அவர்களுக்கு எழுதியவர்களிடம் நிஜமாகவே சரக்கு கிடையாது. டாக்டர் கதை வேறு. டாக்டருக்கு எழுதியது என் மனைவி. கேப்டனுக்கு எழுதியது நான். எல்லாருடைய தாளையும் இருபத்திரண்டு நிமிடத்துக்குள் வெட்டிச் சுருக்குவதும் நான்தான்.

முதல் ஆறு எபிசோடில் அவள் காட்சிகளில் நான் கை வைக்கவில்லை. பிறகு குழந்தைகளின் கடிதங்கள் ஒரு கட்டு வந்தது. எல்லாம் டாக்டருக்கு. கேப்டனுக்கு ஒன்றே ஒன்று, அதிலும் டாக்டரை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளும்படி எழுதியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

டாக்டர் ஜன்னல் பக்கமே போக மாட்டாள். ஏன் என்பதை மனைவி ஒன்பதாவது எபிசோடில் எழுதியிருந்தாள். கப்பலைக் காப்பாற்ற டாக்டர் ஒரு கதவை மூடியபோது அவளுடைய தம்பி வெளியே இருந்தான். அந்தக் காட்சியை எடுத்துவிட்டேன். ஜன்னலுக்குப் போகாததை மட்டும் விட்டுவைத்தேன். காரணமே இல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலையும் ஒருத்தி என்றால் பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? டாக்டர் ஒரு மரக்கட்டை என்று கடிதம் எழுதினார்கள். வீட்டில் மனைவி அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவாள்.

"என் காட்சி எதுவுமே நிக்க மாட்டேங்குதே, ஏங்க?"

"டைரக்டர் வெட்டறார்மா. நல்லா இருந்தா வெட்டுவாரா?"

டைரக்டர் பாவம், நான் வெட்டிய தாளைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை. எங்கள் வழக்கப்படி முழுத் தாளையும் குரல் பதிவு செய்துவிட்டு அப்புறம்தான் வெட்டுவோம். வெட்டியதை அழிக்கச் சொல்லியிருந்தேன். ஒலிப்பதிவாளர் அழிக்கவில்லை, நீங்களும் கேட்டுவிட்டீர்கள்.

மூன்றாவது வருடம் அந்தக் கதவுக் காட்சியைக் கேப்டனுக்கு வைத்தேன். தம்பி, கதவு, ஜன்னல் எல்லாம் அப்படியே. நாலு வார்த்தைகூட மாற்றவில்லை. ஊரே அழுதது. மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். வார்த்தைகூடத் தன்னுடையதுதான் என்று கண்டுபிடித்துவிடுவாளோ என்று நான் திரையை விட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதே காட்சி என் கையில செத்துக் கிடந்துச்சு. உங்க கைக்கு வந்ததும் எப்படி எழுந்து உட்காருது பாருங்க."

நான் திருத்தி எழுதிவிட்டதாக நினைத்தாள், தன் வரிகளையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மறுநாள் வேலையை விட்டாள். நோட்டுகளைக் கிழித்து மூட்டையாக்கினாள், வாயைக் கட்டிக் கொடுத்தது நான்தான். இப்போது ஒரு பல் வைத்தியரிடம் போன் எடுக்கிறாள். சாயங்காலம் வந்தால் என் தாள்களை வாங்கி எழுத்துப்பிழை பார்த்துத் தருவாள்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். வேலையை விட்டு அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள். தனக்கு எழுத வராது என்பதோடு அவள் இப்போதுதான் கொஞ்சம் சமாதானமாகியிருக்கிறாள். மறுபடி அவள் மனசை நோகடிக்க என்னால் முடியாது.