ரோமன்காரன் போட்ட றோட்டு

– நான் கேட்டது ஒண்டு, நீங்கள் சொல்லுறது ஒண்டு. நாளையிலையிருந்து பேத்தியை நேர்சரிக்கு ஏத்திக்கொண்டு போறது ஆர் எண்டு கேட்டன்.

– நான்தான். மிதுஷாவுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டனெல்லோ. இப்ப அவளின்ரை வீட்டை போய், பிள்ளையின்ரை சீற்றை எடுத்துப் பின்னாலை பூட்டினால் அலுவல் முடிஞ்சுது. இதிலை என்ன இருக்கு?

– லைற் சிவப்பு.

– தெரியுது, தெரியுது. முப்பது வருசம் மினிகாப் ஓடினவனுக்குச் சிவப்பு எது எண்டு சொல்லித் தாறா!

– சும்மா சொன்னன்... நீங்கள் மகளுக்கு ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம்.

– ஏன் ஏலாது? நாரிப்பிடிப்பு எண்டு வேலையைத்தான் விட்டனான், காரை விடேல்லை. பெத்த மகள் ஒரு உதவி கேக்கிறாள்... சரி, அதை விடும். வெளியாலை பாரும். என்ன வடிவான றோட்டு! மார்பிள் ஆர்ச்சிலை ஏறினால் எட்ஜ்வெயர் மட்டும் நூல் பிடிச்ச மாதிரி.

– தொடங்கிட்டார். ஞாயிற்றுக்கிழமை எண்டால் இந்த றோட்டும் ரோமன்காரனும்.

– இல்லை, யோசிச்சுப் பாரும் சிவனேஸ். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருசம். அவன் போட்டிட்டுப் போட்டான். நாங்கள் யாழ்ப்பாணத்திலையிருந்து வந்து அதிலை கார் ஓடுறம். உந்த மைல் கணக்கும் அவன்ரைதான். படைக்காரன் வலக்காலை ஆயிரம் தரம் எடுத்து வைச்சால் ஒரு மைல்.

– பஸ் வெளிக்கிடுது. இடப்பக்கத்தாலை.

– விடுறன், விடுறன்... லண்டன் எண்ட பேரும் அவங்கடை காலத்திலையிருந்து வந்ததாம். ஜூலை மாசத்துக்குப் பேர் வைச்சதும் அவங்கள்தான்...

– எங்கடை சனத்தை எரிச்ச அந்த மாசத்தை இப்ப ஏன் இழுக்கிறியள்?

– ம்... சரி. விட்டிட்டன்.

– கில்பேர்ண் வந்திட்டுது. சனம் கூட. அந்தப் பெடியன் போனைப் பார்த்துக்கொண்டு றோட்டிலை இறங்குறான்.

– எந்தப் பெடியன்?

– ...போட்டான். மெல்லமாப் போங்கோ.

– உமக்கு ஞாபகம் இருக்கே, நீர் வந்த அண்டைக்கு? ஹீத்ரோவிலை ஏத்திக்கொண்டு வந்து, வீட்டை கூடப் போகாமல், இதே றோட்டாலை மேலையும் கீழையும்...

– மறப்பனே? கலியாணம் கட்ட வந்த பொம்பிளை பசியிலை கிடக்கிறன். "லண்டன் காட்டுறன்" எண்டு ஏத்தினியள். கடை, கடை, கடை. திருப்பினால் அதே கடை! லண்டனிலை ஒரே ஒரு றோட்டுத்தான் எண்டு அம்மாவுக்கு எழுதினனான், தெரியுமே?

– ஹஹ்... எனக்கு அப்ப வேறை றோட்டுத் தெரியாதப்பா! மினிகாப் முதலாளி மேர்வின் அண்ணை ரேடியோவிலை சொல்லுவார்: "தம்பி, முதல்லை இந்த ஒரு றோட்டைப் பழகு. துலைஞ்சியெண்டால் ஆரிட்டையும் எட்ஜ்வெயர் றோட்டு எங்கை எண்டு கேள். இதிலை ஏறினியெண்டால் வீட்டை வந்த மாதிரி."

– நல்ல மனுசன். பாவம், போய்ச் சேர்ந்திட்டார். அவற்றை மினிகாப் ஒஃபிஸ் இந்தக் கிரிக்கிள்வுட்டிலைதானே... அந்தா, இப்ப தலைமயிர் வெட்டுற கடை. முன்னாலை ஒரு வான் நிக்குது, விலத்துங்கோ.

– எங்கை... ஓம், கண்டிட்டன். இதிலை வைச்சுத்தான் நான் உமக்குச் சிப்ஸ் வாங்கித் தந்தனான். வினாகிரி மணக்குது எண்டு நீர் அழுதனீர்.

– வினாகிரிக்கு ஆர் அழுதது? அம்மாவை நினைச்சு அழுதனான். என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நீங்கள் என்ரை சிப்ஸையும் சேர்த்துச் சாப்பிட்டியள்.

– ஹீட்டர் வேலை செய்யாத டட்சன். நீர் என்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு, கையைக் கக்கத்துக்கை வைச்சுக்கொண்டு... அது ஒரு காலம், சிவனேஸ். கையிலை ஒண்டும் இல்லை. ஆனால் அப்பிடியொரு சந்தோசம் பிறகு வரேல்லை. அதாலைதான் இந்த றோட்டிலை ஓடேக்கை எனக்கு ஒரு இது.

– எனக்கும்தான்... ஒண்டு கேக்கட்டே?

– கேளும்.

– பிறகு நீங்கள் லண்டன் முழுக்கப் பழகினியள். சட்டன், நோர்பரி எண்டு வரைபடம் பாராமல் போய் வருவியள். இப்ப ஏன் திரும்பவும் இந்த ஒரு றோட்டு?

– பழைய ஞாபகம். சொன்னனெல்லோ.

– நோர்பரியிலை தங்கச்சி வீட்டை போய் எவ்வளவு காலம்?

– அங்கை பார்க்கிங் இல்லை.

– கோயிலுக்கு?

– றோட்டு வேலை நடக்குது... என்ன நீர், குறுக்கு விசாரணை! அகதி விசாரணையிலை ஹோம் ஒஃபிஸ்காரன்கூட என்னை இப்பிடிக் கேக்கேல்லை.

– சரி, சரி. கிங்ஸ்பரிச் சந்தி வருது. மகள் வீட்டுக்கு இதிலை இடப்பக்கம் திரும்ப வேணும்... இஞ்சேருங்கோ, திரும்பாமல் நேரை எங்கடை வீட்டை போவமே? மிதுஷாவோடை நான் கதைக்கிறன்.

– என்னெண்டு கதைக்கப்போறீர்? அப்பாவுக்கு வயசு போட்டுது எண்டோ?

– கோவிக்காதேங்கோ.

– கோவம் இல்லை. இந்தா, சிக்னல் போட்டிட்டன். பச்சையும் விழுந்திட்டுது. பாரும், எப்பிடி வடிவாத் திரும்புறன் எண்டு...

– நில்லுங்கோ! சைக்கிள்! பிரேக்! பிரேக்கைப் பிடியுங்கோ!

– என்ன... எங்கை...

– ஐயோ, முருகா!

– பட்டிட்டுதே? சிவனேஸ்! ஆள் விழுந்திட்டுதே?

– இல்லை. இல்லை. போகுது. ஒரு சின்னப் பெட்டை. ஏதோ பேசிப்போட்டுப் போகுது... ஓரமா விடுங்கோ. இன்னும் கொஞ்சம். காணும். எஞ்சினை நிப்பாட்டுங்கோ.

– நான் காணேல்லை. பின்னாலையிருந்து வேகமா வந்திருக்குது போல...

– அவள் லைற்றிலை எங்களோடை பக்கத்திலை நிண்டவள். முழு நேரமும் நிண்டவள். நாளைக்குப் பின் சீற்றிலை இருக்கப்போறது பேத்தி. அவளுக்குப் பிரேக் எண்டு சொல்லவும் தெரியாது.

– நிப்பாட்டும்... போதும்... கண் போட்டுது, சிவனேஸ். இடப்பக்கம் எனக்கு ஒண்டும் இல்லை. முதல் மூலையிலை புகை மாதிரி இருந்தது, தெளியும் எண்டு நினைச்சன். தெளியேல்லை. நேர் றோட்டு எண்டால் சமாளிக்கலாம், முன்னுக்கு மட்டும் பார்த்தால் காணும். அதுக்குத்தான் இந்த ரோமன்காரனைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சனான். நீர் இருக்கிற சீற்றும் எனக்குத் தெரியிறேல்லை. உம்மடை குரல் மட்டும் வருது.

– டொக்டரிட்டைக் காட்டினியளே?

– பயம். காட்டினால் ஓட வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவான். இந்த நாட்டுக்கு வந்து நான் பழகினது இது ஒண்டுதானே. உம்மையும் பிள்ளையையும் வைச்சுப் பார்த்தது இதாலைதான். இதுவும் இல்லையெண்டால் நான் ஆரப்பா?

– விசர்க் கதை கதையாதேங்கோ. நீங்கள் மிதுஷாவின்ரை அப்பா. என்ரை மனுசன். நாளைக்குக் காலமை இரண்டு பேருமாப் பேத்தியை பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு போய் விடுவம். அப்பிடியே டொக்டரிட்டைப் போவம். எனக்கும் பயம்தான். பயத்தோடையே போவம்.

– மகளுக்கு...

– நீங்கள்தான் சொல்ல வேணும். நான் பக்கத்திலை இருக்கிறன். கார் இதிலை கிடக்கட்டும், மருமகன் வந்து எடுப்பார். திறப்பைத் தாங்கோ.

– இந்தாரும்... பிடியும்.

– ம். மெல்லமா இறங்குங்கோ.

– பொறும். உமக்கு... உமக்கு முதலே தெரியுமே?

– வருசத்தண்டு பாயாசத்தை இடப்பக்கமா நீட்டினன். நீங்கள் வாங்கேல்லை. நீட்டினபடி நிண்டன். அண்டைக்கே தெரியும்.

– சித்திரையிலையிருந்தோ! அப்ப இவ்வளவு நாளும் ஒரு சொல்லும் சொல்லாமல் எப்பிடியப்பா பக்கத்திலை ஏறி இருந்தனீர்?

– சொல்லாமலோ? காருக்கை ஏறினவுடனை நித்திரையாப் போற பொம்பிளை நான். சித்திரைக்குப் பிறகு ஒருநாள் கண்ணை மூடினனானே? நீங்களாச் சொல்லுவியள், சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டு, நெஞ்சு பதைக்கப் பதைக்க, பஸ் வருது, பெடியன் இறங்குறான், லைற் சிவப்பு எண்டு வாய் நோக அலட்டிக்கொண்டு வாறன்... உங்கடை இடப்பக்கத்தை இவ்வளவு நாளும் ஆர் பார்த்தது எண்டு நினைச்சியள்?