மூஞ்சி இல்லாத கார்

"ஒரு காருக்கு மூஞ்சி எங்க இருக்கு, சொல்லு பார்ப்போம்?" என்று அத்தான் ஒருநாள் என்னைக் கேட்டார்.

எங்கள் வீட்டில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் "பால் பொங்கிடுச்சா?", "மோட்டாரை நிறுத்தினியா?" என்ற வகையைச் சேர்ந்தவை. தலையை ஆட்டினால் போதும். இந்தக் கேள்விக்குத் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாது. யோசித்துப் பார்த்து, காரின் முன்பக்கம் கறுப்பு வலை மாதிரி இருக்கும் இடத்தை விரலால் காட்டினேன்.

"அதேதான். கிரில். எல்லாரும் விளக்கைப் பார்த்து அதுதான் மூஞ்சின்னு நினைப்பாங்க. நீ விஷயம் தெரிஞ்சவ," என்றார்.

விஷயம் தெரிந்தவள் என்று என்னை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் நின்றவள். வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். வாசிக்கவில்லை. மறுநாளிலிருந்து போகவில்லை. அதற்கப்புறம் இத்தனை வருஷம் வீட்டில்தான் இருக்கிறேன். என்னால் யாருக்கும் தொந்தரவு வந்ததில்லை என்று அப்பா உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

அந்தக் கார் சிவப்பு நிறம். இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். அத்தானுக்கு முன் யார் யாரிடமோ இருந்துவிட்டு வந்தது. அத்தான் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டோடு தங்கிய மாப்பிள்ளை. அவருக்கென்று சொந்தமாக இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் அப்பாவின் சிமெண்ட் பூந்தொட்டியில் ஒருநாள் மோதினார். பூந்தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கிரில் நடுவில் விரிந்துபோனது.

"மாப்பிள்ளை, உங்க வண்டி சிரிக்குது," என்றார் அப்பா. அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பேருந்தை விடச் சின்னதாக இருக்கும் எதையும் அவர் வண்டியாக மதித்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அங்கே பெரிய மருத்துவமனை, எக்ஸ்ரே பிரிவுக்கே அவள்தான் பொறுப்பு, தங்குவதற்கு வீடும் தருவார்கள். மாதம் பிறந்ததும் போய்ச் சேர வேண்டும். அத்தான் கடையில் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றார். அக்கா பெட்டிகளைக் கீழே இறக்கினாள். போகும் ஊரில் என்னைப் பரீட்சை எழுத வைக்கப்போவதாகவும் சொன்னாள். "முதல்ல நாங்க போய் செட்டிலாகிக்கறோம். அப்புறம் உன்னைக் கூப்பிட்டுக்கறேன். இப்படியே சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கலாம்னு நினைக்காதே," என்றாள்.

அக்காவுக்கு இடம் மாறினால் தூக்கம் வராது. புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அவளுக்காக யாராவது ஏதாவது செய்யத்தான் வேண்டியிருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பேருந்தில் போயிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அப்பா விடவில்லை. "வீட்டோட இருந்த மாப்பிள்ளைன்னு தெருவே பேசிடுச்சு. கிளம்பிப் போறப்பவாவது சொந்தக் கார்ல போகட்டும். மூஞ்சி கிழிஞ்ச கார்ல என் பொண்ணை அனுப்பவும் மாட்டேன்," என்றார். அத்தானுக்கும் அதே எண்ணம்தான். மெக்கானிக்கிடம் விட மாட்டேன், என் காரை நானே பார்த்துக்கொள்வேன் என்று சொல்லி, புது கிரில்லை வரவழைத்தார். அப்புறம் போர்ட்டிகோவில் பழைய போர்வையை விரித்துப் படுத்துவிட்டார்.

எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலை.

கிரில் மாற்றுவது என்றால் சட்டை மாற்றுவது போலச் சுலபம் என்று அத்தான் நினைத்திருந்தார். கிரில்லைக் கழற்ற வேண்டுமானால் முன் பம்பர் முழுவதும் வெளியே வர வேண்டும். பானட்டைத் தூக்கினால் மேலே ஒரு வரிசை பிளாஸ்டிக் கிளிப். சக்கரத்துக்குப் பக்கத்தில் திருகுகள். மூடுபனி விளக்கின் ஒயரைப் பிடுங்க வேண்டும். கிளிப் என்பது சின்னக் காளான் மாதிரி இருக்கும். நடுவில் உள்ள ஆணியைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் நெம்பிவிட்டால் முழுசும் தானாகக் கையோடு வரும். அத்தான் நெம்பாமல் இழுத்தார். பழைய கிரில்லைப் பம்பரோடு பிடித்திருந்த நாக்குகள் நான்கும் ஒடிந்தன. இனி பழையதை மாட்டிக்கொண்டு போகவும் வழியில்லை.

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அடுத்த கிளிப்பை நெம்பிக் காட்டினேன். அது சத்தமே இல்லாமல் வந்தது.

"அடேங்கப்பா! மெக்கானிக்கம்மா!" என்றார்.

அதிலிருந்து அவருக்கு நான் மெக்கானிக்கம்மா. "மெக்கானிக்கம்மா, அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு." "மெக்கானிக்கம்மா, இது இடமா வலமா?" "மெக்கானிக்கம்மா, நீயே சொல்லு, உங்கப்பா என்னை மனுஷனா மதிக்கிறாரா?" நானும் பதில் சொன்னேன். காருக்கு அடியில் படுத்திருக்கும் ஒருவரின் பாதங்களைப் பார்த்துப் பேசும்போது எனக்குக் கூச்சம் வருவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் கிளிப்பை நான் எடுத்தது அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது. எடுத்தேன் என்று கூடச் சொல்ல முடியாது. அது போர்வை மடிப்பில் கிடந்தது. நான் போர்வையை உதறினேன். அது என் கைக்கு வந்தது. கை தையல் மெஷின் பக்கம் போனது. அங்கே அம்மா காலத்துப் பொத்தான் டப்பா இருக்கிறது. கறுப்புப் பொத்தான்களுக்கு நடுவே கறுப்புக் கிளிப்பை வைத்தால் பெற்ற தாயே தேடினாலும் கிடைக்காது.

மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்து ஒரு திருகும் அதன் வாஷரும். நான் அவசரப்படவில்லை. ஒரேயடியாக எடுத்தால் திருட்டு மாதிரி இருக்கும்.

அத்தான் தேடினார். போர்வையை உதறினார். பூந்தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். சட்டைப் பையைத் திருப்பிப் பார்த்தார். நானும் கூடவே குனிந்து தேடினேன். யாரும் என்னைவிடப் பொறுப்பாகத் தேடியிருக்க முடியாது.

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்குமோ?" என்றார் அத்தான்.

"காக்கா என்ன, கார் கட்டுதா?" என்றார் அப்பா, ஜன்னலுக்கு உள்ளேயிருந்து.

இருக்கிற கிளிப்பை வைத்து ஒருநாள் மாட்டிப் பார்த்தார். கார் தெருமுனை வரை கம்பீரமாகப் போனது. திரும்பும்போது பம்பரின் இடது பக்கம் கழன்று தரையில் இழுபட்டது. தாடை கழன்றவன் வாயைப் பிடித்துக்கொண்டு வருவது போல அத்தான் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டுத் தையல்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நாலு தையல் போட்டுத் தரட்டுமா, சார்?" என்றார். அன்று அத்தான் சாப்பிட உள்ளே வரவில்லை. நான் தட்டை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன். இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் மறுபடி கழற்றினோம். அவ்வளவு நிம்மதியான ஒரு பிற்பகல் எனக்கு நினைவில் இல்லை.

அக்கா மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி ஒரு வாரம் தள்ளிக் கேட்டாள். கொடுத்தார்கள். எனக்கு அந்த மருத்துவமனை மீது மரியாதை வந்தது.

கிளிப்புகள் வேண்டுமென்று அத்தான் எழுதிப் போட்டார். கூரியர் வந்த நேரம் அவர் குளித்துக்கொண்டிருந்தார். வாசலுக்குப் போனது நான்தான். பார்சலில் அத்தான் பெயர் தெளிவாக இருந்தது. "அப்படி யாரும் இங்க இல்லீங்க. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க," என்றேன். அறிமுகமில்லாத ஒருவரிடம் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அது. குரல்கூட நடுங்கவில்லை. என்னைப் பள்ளியில் வாசிக்கச் சொன்ன டீச்சர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இரண்டாவது முறை தள்ளிக் கேட்டபோது மருத்துவமனை ஒத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார்கள். அக்கா அதைச் சொன்னபோது, அத்தான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "கிளிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். கம்பியை வச்சுக் கட்டிக்கறேன். யார் சிரிச்சா என்ன? நாளைக்குக் கிளம்பறோம்," என்றார். முதல்முறையாக அவர் புத்திசாலித்தனமாகப் பேசினார். அதனால்தான் நான் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதாயிற்று.

அவர் கம்பி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்ததாக அவள் கை வைக்கப்போவது அத்தானின் ஷேவிங் பையில் என்று எனக்குத் தெரியும். அவள் எப்போதும் கடைசியாக அதைத்தான் திறந்து சரிபார்த்து வைப்பாள். பொத்தான் டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி கிளிப்பை எடுத்து, பிளேடு பெட்டிக்கு அடியில் வைத்தேன். எல்லாவற்றையும் வைக்கவில்லை. பாதி போதும்.

அத்தானுக்கு வர விருப்பமில்லை என்று தெரிந்தால் அக்கா போவதை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். எல்லோருமாகச் சேர்ந்து இங்கேயே இருக்கலாம். அக்காவின் தூக்கத்துக்கும் நல்லது.

அத்தான் கம்பிச் சுருளோடு உள்ளே வந்தபோது அக்கா கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். உள்ளங்கையை விரித்தாள்.

"இது என்ன?"

அத்தான் முகம் மலர்ந்தது. "கிளிப்பு! எங்க இருந்துச்சு?"

"உங்க ஷேவிங் பையில. பிளேடுக்கு அடியில. பத்திரமா."

"என் பையிலயா?"

"வர இஷ்டம் இல்லைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. ஒரு மாசமா போர்வையை விரிச்சுப் படுத்து நாடகம் போட்டிருக்கீங்க. மாமனார் வீட்டுச் சாப்பாடு அவ்வளவு ருசியா இருக்கா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது. நான் வச்சிருந்தா உன் கண்ணுல படுற இடத்திலயா வைப்பேன்?"

"அப்ப வேற இடத்துல வைக்கிற யோசனை இருந்திருக்கு."

அப்பா செய்தித்தாளை மடித்தார். அத்தான் சுற்றிலும் பார்த்துவிட்டு, கடைசியில் என் பக்கம் திரும்பினார். "மெக்கானிக்கம்மா, நீ சொல்லு. நீதானே கூடவே இருந்தே. நான் தேடினேனா இல்லையா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து வரப்போகும் வார்த்தைக்காக ஒரு வீடே காத்திருந்தது. அப்படி ஒரு நிலை எனக்கு வாய்த்ததே இல்லை. நான் நிதானமாக யோசித்தேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தேடுற மாதிரிதான் இருந்துச்சு," என்றேன்.

எலும்பின் மயிரிழை விரிசலைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடும் அக்கா, என்னைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் கம்பிச் சுருளை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காலை அக்கா பேருந்தில் தனியாகப் போனாள். அப்பா தடுக்கவில்லை. தெரு என்ன பேசும் என்றும் கேட்கவில்லை. வாசலில் என் கன்னத்தைத் தட்டி, "ஒழுங்கா சாப்பிடு. அப்பாவைப் பார்த்துக்க. அந்த ஆளை மட்டும் என்கூட பேசச் சொல்லாதே," என்றாள். இரவெல்லாம் அழுத முகம். புது இடத்தில் தூங்கப்போகிறவளுக்கு அது நல்லதில்லை.

நான் எதிர்பார்த்தது இதுவல்ல. ஆனாலும் ஒரு காரியம் நாம் நினைத்தபடி முடியவில்லை என்பதற்காக அதில் உள்ள நல்லதைப் பார்க்காமல் இருப்பது சரியில்லை. அக்காவுக்கு வேலை தவறவில்லை. அத்தானுக்கு அவசரம் இல்லை. நான் போர்வையைத் துவைத்துக் காயப் போட்டேன். ஸ்பேனர்களைத் துடைத்து அளவு வாரியாக அடுக்கினேன். தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் போனேன்.

அத்தான் பூந்தொட்டி மேல் உட்கார்ந்து காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷேவ் செய்யவில்லை. அக்கா விட்டுப்போன கிளிப்புகள் அவர் காலடியில் கிடந்தன. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் பொத்தான் டப்பாவை எடுத்துவந்து, மீதியைத் தேடி எடுத்து, திருகும் வாஷரும் சேர்த்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"எல்லாம் சரியா இருக்கு, அத்தான். நான்தான் எடுத்து வச்சேன். பையில வச்சதும் நான்தான். கூரியரையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். அக்கா நல்லதுக்குத்தான். இப்ப நிதானமா மாட்டலாம். முதல்ல இடது பக்கம் ஆரம்பிக்கலாமா?" என்றேன். அவர் பாதங்களைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவ்வளவு தைரியம் வந்துவிட்டது எனக்கு.

அவர் என் கையைப் பார்த்தார். அப்புறம் அதிலிருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு எழுந்தார். கிரில்லைப் பம்பருக்குள் பொருத்தினார். பம்பரைத் தூக்கி முழங்காலால் தாங்கிக்கொண்டார். ஒயரைச் செருகினார். கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒவ்வொன்றும் டக் என்று உட்கார்ந்தது. நான் ஒவ்வொரு தடவையும் அடுத்த ஸ்பேனரை எடுத்து நீட்டினேன். அவர் குனிந்து வேறொன்றைத் தானே எடுத்துக்கொண்டார். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவு சின்ன வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கார் அழகாக இருந்தது. அதைச் சொன்னேன்.

அவர் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து, பக்கத்து இருக்கையில் வைத்து, வண்டியைக் கிளப்பினார். நான் ஓடிப்போய் கேட்டைத் திறந்துவிட்டேன். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்திருக்கும். என்னைப் போலவே அவரும் கூச்சப்படுகிறவர் என்பதை நான் அதுவரை கவனிக்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல், என் பக்கம் திரும்பாமல், போய்விட்டார்.