முன்பக்கம் முதலில்

— எழுத்து எங்கே, லடிப்போ?

— எந்த எழுத்து?

— விளையாடாதே. கேட்டுக்குப் பக்கத்துச் சுவர்ல ஆள் உயரத்துக்குச் சிவப்பா இருந்துச்சே. 'இந்த வீடு விற்பனைக்கு இல்லை.' அது எங்கே?

— பெயிண்டுக்கு அடியில பத்திரமா இருக்கு, டெமி அம்மா.

— யார் அடிக்கச் சொன்னது?

— நீங்கதான்.

— நானா?

— பொறுங்க. நீங்க வரைஞ்ச படம், இதோ என் போன்ல. முன்சுவர், மணல் நிறம், ரெண்டு விளக்கு, ஒரு பூந்தொட்டி. எழுத்து இருக்கா, நீங்களே பாருங்க. படத்துல இல்லாதது சுவர்ல எதுக்குன்னு பையனுங்க ரெண்டு கோட் ஓட்டிட்டாங்க.

— படத்துல மின்கம்பமும்தான் இல்ல. அதைப் பிடுங்கிட்டியா?

— பிடுங்கியிருந்தாலும் இந்தத் தெருவுக்கு என்ன தெரியப் போகுது? கரண்டு வந்தாத்தானே.

— சிரிக்கிற நேரமா இது? அழகுக்குப் படம் வரைவேன். குப்பைத்தொட்டி வரைய மாட்டேன், சாக்கடை வரைய மாட்டேன், அந்த எழுத்தையும் வரைய மாட்டேன். அதுக்காக அழிச்சிடறதா? லாகோஸ்ல பொறந்து வளர்ந்தவன் நீ. எவன் எதுக்கு அதை எழுதி வைக்கிறான்னு உனக்கு நான் பாடம் எடுக்கணுமா?

— தெரியும், தெரியும்.

— என்ன தெரியும்? வீட்டுக்காரி சிடிகாத் இங்கிலாந்துல, லீட்ஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில கிடந்து உழைக்கிறா. சுவர் மொட்டையா நின்னா, போறவன் வர்றவன் எல்லாம் இது என் வீடுன்னு ஒரு ஏமாளிகிட்ட வித்துட்டுப் போயிடுவான். அவ வந்து கதவைத் தட்டினா உள்ளேருந்து வேற எவனாவது 'யாரும்மா நீ'ன்னு கேப்பான். என்னை நம்பி வேலை கொடுத்திருக்கா. பள்ளிக்கூடத்துலேருந்து கூடப் படிச்சவ.

— அடிச்சது சனிக்கிழமை. இன்னிக்குத்தான் உங்க கண்ணுல படுதா?

— இன்னிக்குத்தான் வாங்க வந்தாங்க.

— யார்? எதை?

— வீட்டை. காலையில சமையலறையில அளவு எடுத்துட்டிருந்தேன். ஒரு புருஷன் பொண்டாட்டி சொந்த வீடு மாதிரி உள்ளே வந்தாங்க. அந்தப் பொண்ணு நிறைமாசம். ஜன்னல்கிட்ட நின்னுட்டு, 'தொட்டிலை இங்க போட்டா வெயில் அடிக்குமா'ன்னு அவனைக் கேக்குது.

— அட கடவுளே.

— 'யாருங்க நீங்க'ன்னேன். 'வீடு பாக்க வந்தோம், ஏஜென்ட் கார் நிறுத்தப் போயிருக்கார்'னாங்க. 'யார் வீடு இது, தெரியுமா'ன்னேன். 'சிடிகாத்னு ஒரு அம்மாவோடது'ன்னு டக்குனு சொல்றான். பேரைக்கூடப் பிசகாம சொல்லிக் கொடுத்திருக்காங்க, பாரேன்.

— ஏஜென்ட் என்ன சொன்னான்?

— நான் போட்ட சத்தத்துல அவன் காரை எடுத்துட்டே போயிட்டான். அந்தப் பொண்ணு படியில உக்காந்துட்டா. தண்ணி கொடுத்து, 'உங்களை ஏமாத்தப் பாத்திருக்காங்க, தப்பிச்சீங்க'ன்னு சொல்லி அனுப்பினேன்.

— கேட் பூட்டியிருந்திருக்குமே. யார் திறந்துவிட்டது?

— வேற யாரு? பின்கட்டுல குடியிருக்கிற சிடிகாத் தம்பிதான். ஜிமோ.

— ஜிமோவா?

— ஏன் அப்படிக் கேக்கறே? நீ திடுக்கிடற மாதிரி இல்லையே.

— ஜிமோ ஒரு அப்பாவி, டெமி அம்மா.

— அப்பாவி. சரி, நான் ஒண்ணு கேக்கறேன். வெள்ளிக்கிழமை நீ எங்கே இருந்தே?

— சைட்டுல.

— சாயங்காலம்?

— ...வீட்டுல.

— மிளகு சூப்புக் கடையில இருந்தே. பாலத்துக்குக் கீழே, பச்சைக் குடை போட்டிருக்குமே, அந்தக் கடை. பக்கத்துல ஜிமோ. என் கார் அங்கேயே நெரிசல்ல மாட்டிட்டு நின்னுச்சு. நீ எலும்பை உறிஞ்சறது வரைக்கும் பாத்தேன்.

— ஹாரன் அடிச்சிருந்தா உங்களுக்கும் ஒரு கிண்ணம் சொல்லியிருப்பேனே.

— என்ன பேசினீங்க?

— பந்தாட்டம்.

— லடிப்போ.

— பொறுங்க, சொல்றேன். 'முன்பக்கத்தை முதல்ல முடிச்சிடு, அக்கா சொல்றா'ன்னான். அவ்வளவுதான்.

— இதை ஏன் என்கிட்ட சொல்லல?

— சொன்னா 'சைட்டுல யார் மேஸ்திரி, நீயா ஜிமோவா'ன்னு கத்துவீங்க. இதோ இப்பக் கத்தற மாதிரி.

— நான் இன்னும் கத்த ஆரம்பிக்கல. பதினோரு வருஷமா சேர்ந்து வீடு வீடாப் பிரிச்சுக் கட்டறோம். நம்ம வேலை எந்த வரிசையில போகும்? சொல்லு.

— பின்னாலேருந்து முன்னால. குழாய், ஒயரிங், தரை, அலமாரி, கதவு. முன்சுவர் கடைசி.

— ஏன் கடைசி?

— உள்ள வெட்டற தூசியெல்லாம் அங்கேதான் வந்து படியும். முதல்ல அடிச்சா ரெண்டாவது தடவை அடிக்கணும்.

— இந்த வீட்டுல தரை வந்தாச்சா?

— இல்ல.

— அலமாரி?

— மரமே வரல.

— அப்ப உள்ள எல்லாம் பேத்துப் போட்டுட்டு முன்பக்கத்தை மட்டும் முதல்ல எவன் மினுக்குவான்?

— ...விக்கப் போறவன்.

— பிசகாம சொல்றியே. இது அன்னிக்கு சூப்புக் கிண்ணத்து முன்னால தோணலையா?

— தோணல. அக்கான்னான். அக்காதானே வீட்டுக்காரி.

— புதுப் பூட்டோட எத்தனை சாவி வந்துச்சு?

— மூணு.

— என்கிட்ட ஒண்ணு.

— என்கிட்ட ஒண்ணு. இதோ.

— மூணாவது?

— ஜிமோ வாங்கிட்டுப் போனான். அக்கா யாருக்கோ கொடுத்தனுப்பச் சொன்னாளாம்.

— யாருக்கோ!

— நானும் கேட்டேன். 'எனக்கென்ன தெரியும், அக்கா சொன்னா சொன்னதுதான்'னான்.

— எதுக்கெடுத்தாலும் அக்கா. சுவருக்கு அக்கா, சாவிக்கு அக்கா. அவ வாயை வாடகைக்கு எடுத்து வச்சிருக்கான் போல.

— இப்ப நீங்க சொல்லச் சொல்ல எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. நேத்து அந்தச் சுவர்கிட்ட ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தான். கையால தடவிப் பாத்தான். 'லடிப்போ, இந்தச் சிவப்பு திரும்ப வெளியே வருமா'ன்னு கேட்டான்.

— நீ என்ன சொன்னே?

— 'சிவப்புக்கு ஒரு குணம் உண்டு, மழை பெஞ்சா ஊறி லேசாத் தலைகாட்டும்'னேன். அப்பத்தான் சொன்னான். அந்த எழுத்து அவன் கையால எழுதினது, தெரியுமா? முன்ன ஒருதடவை எவனோ ஆள் கூட்டிட்டு வந்து வீட்டைக் காட்டினானாம். அன்னிக்கே ஏணி போட்டு எழுதினானாம். கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு.

— கலங்கும். வித்து முடிக்கிறதுக்குள்ள எழுத்து வெளியே வந்துடுமோன்னு கலங்கும். உன்கிட்ட நடிச்சிருக்கான், நீயும் உச்சுக் கொட்டியிருக்கே.

— இருக்கலாம். ஆனா அவன் போய் எங்க குடியிருப்பான்? இந்தப் பின்கட்டை விட்டா அவனுக்குக் கதியில்லையே. மூணு பிள்ளைங்க.

— வித்த காசுல மாளிகை கட்டுவான். எனக்கென்ன. ஆளை ஒப்படைச்சாச்சு.

— என்னது?

— தெரு வீட்டுக்காரங்க சங்கத்துக்குப் போன் பண்ணினேன். நாலு பேர் வந்து கூட்டிட்டுப் போனாங்க. ஆபீஸ்ல தரையில உக்கார வச்சிருக்காங்க.

— டெமி அம்மா! சங்கத்து ஆளுங்க கையிலயா? போன வருஷம் ஜெனரேட்டர் திருடினான்னு ஒருத்தனை அவங்க என்ன பண்ணினாங்கன்னு மறந்துட்டீங்களா? அவன் இன்னும் நொண்டறான்.

— கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

— நீங்க சொன்னா கேப்பாங்களா? ஜிமோ என்ன சொன்னான்?

— 'அக்கா அனுப்பினதா சொன்னாங்க, உங்க ஆளுங்கன்னு நினைச்சேன், தரை அளக்க வந்தாங்கன்னு நினைச்சேன்'னு புலம்பினான். நிறைமாசக்காரியைக் கூட்டிட்டு வந்து எவன் தரை அளப்பான்?

— அவன் பொண்டாட்டி, பிள்ளைங்க?

— சாயங்காலத்துக்குள்ள பின்கட்டைக் காலி பண்ணணும்னு சங்கத்துத் தலைவர் சொல்லிட்டார். அதோ, சட்டி பானை சத்தம் கேக்குதே.

— சிடிகாத்தைக் கேக்காமலா?

— அவளுக்கு ராத்திரி ட்யூட்டி. இப்பத் தூங்கிட்டிருப்பா. எழுந்ததும் கூப்பிடச் சொல்லித் தகவல் விட்டிருக்கேன். அது வரைக்கும் திருடனைத் தொட்டில்ல போட்டு ஆட்டணுமா?

— எனக்கு ஒண்ணு இடிக்குது, டெமி அம்மா.

— என்ன இடிக்குது?

— உள்ளே மொத்தமும் பேத்துக் கிடக்கு. பாத்தா எவனும் வாங்க மாட்டான். அவங்க எதை நம்பி வந்தாங்க?

— கையில படம் வச்சிருந்தாங்க. நான் வரைஞ்ச படம். சமையலறை, கூடம், முன்பக்கம், எல்லாம் இருந்துச்சு. இதைத்தான் கடைசியாக் கேக்கலாம்னு வச்சிருந்தேன்.

— எதை?

— அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டல. வேலை முடியுற வரைக்கும் நம்ம ஃபேஸ்புக் பக்கத்துல போடறதும் இல்ல. ரெண்டு பேருக்குத்தான் அனுப்பினேன். சிடிகாத்துக்கு ஒண்ணு.

— எனக்கு ஒண்ணு.

— ஜிமோ வச்சிருக்கிறது பொத்தான் போன். அதுல படம் வராது.

— அப்ப நான்தான் கொடுத்தேன்கறீங்க.

— நான் சொல்லல. கேக்கறேன்.

— வெள்ளிக்கிழமையிலேருந்து இதை மனசுல வச்சுக்கிட்டு, தினம் என்கூட ஒரே தட்டுல அமலாக் களி சாப்பிட்டீங்களா?

— பேச்சை மாத்தாதே. கொடுத்தியா, இல்லையா?

— உங்க வீட்டுக்காரர் செத்தப்ப, கூட இருந்த எல்லாரும் வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க. நான் போனேனா?

— போகல. அதனாலதான் சங்கத்துல உன் பேரைச் சொல்லாம வந்திருக்கேன்.

— பெரிய உபகாரம். இந்தாங்க சாவி. என் ஆளுங்களையும் கூட்டிட்டுப் போறேன். நான் கொடுக்கல, டெமி அம்மா. என் பிள்ளைங்க மேல சத்தியமா அந்தப் படத்தை நான் ஒருத்தனுக்கும் கொடுக்கல.

— அப்ப யாருதான் கொடுத்தது? சுவரா கொடுத்தது?

— உங்க போன் அடிக்குது.

— சிடிகாத்! நில்லு, போகாதே. ஸ்பீக்கர்ல போடறேன். உன் முன்னாலயே கேக்கறேன். ஹலோ, சிடிகாத்?

— மொரெனிகே, என்ன இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே? தூங்கிட்டேன். சமையலறையில எதாவது இடிஞ்சிடுச்சா?

— அது இல்ல. நீ பதறாதே. எல்லாம் கைக்குள்ள இருக்கு. உன் வீட்டை விக்கப் பாத்திருக்காங்க.

— ...யாரு?

— சொல்லவே வாய் வரல. உன் தம்பி. நீ சொன்னதாச் சொல்லி முன்சுவரை முதல்ல அடிக்க வச்சு, எழுத்தை மறைச்சு, சாவி வாங்கி, இன்னிக்கு ஆளையே உள்ள விட்டுட்டான். நான் மட்டும் இல்லாம இருந்திருந்தா இன்னேரம் கைமாறியிருக்கும்.

— ஜிமோ எங்கே இப்ப?

— சங்கத்து ஆபீஸ்ல பிடிச்சு வச்சிருக்காங்க. அவன் பொண்டாட்டி மூட்டை கட்டறா. எழுத்தை இன்னிக்கே திரும்ப எழுத வைக்கிறேன், முன்னைவிடப் பெரிசா. சிடிகாத்? கேக்குதா?

— கேக்குது.

— டெமி அம்மா, அவங்க அழறாங்களா?

— சும்மா இரு, லடிப்போ. சிடிகாத், அழாதே. சொந்த ரத்தம் இப்படிப் பண்ணினா யாருக்கும் தாங்காது. நான் இருக்கேன்.

— அழல. ஜிமோவை விடச் சொல்லு, மொரெனிகே. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. இப்போதைக்குத் தெரியவும் வேண்டாம். வந்தவங்களுக்கு வீடு பிடிச்சிருந்துதா?